நடுக்கடலில் ஒரு குட்டித் தீவைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "ஹவாயிலிருந்து டஹிட்டிக்குப் பசிபிக் கடலில் திசைகாட்டி, வரைபடம் எதுவும் இல்லாமல் பாய்மரப் படகில் போனார்கள் என்கிறார்களே, நம்பலாமா? நடுவில் ஒதுங்க ஒரு கரை கிடையாது. காற்று அடித்துக்கொண்டு போய் எங்கேயோ ஒதுக்கியிருக்கும், அதை இப்போது பெருமையாகப் பேசுகிறார்கள் என்பதுதானே பொருத்தம்?"

நம்பலாம். 1976இல் எல்லோரும் பார்க்கச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் சந்தேகம் ஒன்றும் முட்டாள்தனமானதல்ல. படித்த பெரிய மனிதர்கள் பலர் உங்கள் பக்கம்தான் இருந்தார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

நான் சரக்குக் கப்பலில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். கேடட்டாகச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் கேப்டன் ஜிபிஎஸ் திரைமேல் ஒரு அட்டையை ஒட்டிவிட்டு, "நாளை மதியம் பன்னிரண்டு மணிக்குக் கப்பல் எங்கே இருக்கும்னு நீ சொல்" என்றார். திசைகாட்டி இருந்தது, வேகம் காட்டும் கருவி இருந்தது, கடல் வரைபடமும் பென்சிலும் இருந்தன. இவ்வளவும் இருந்தும் மறுநாள் அட்டையை எடுத்தபோது நான் குறித்த இடத்துக்கும் கப்பல் இருந்த இடத்துக்கும் 14 மைல் வித்தியாசம். திட்டு விழும் என்று நின்றுகொண்டிருந்தேன். அவர் திட்டவில்லை. "எந்தப் பக்கம் தப்பும்னு முன்னாடியே தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை சார் என்றேன். "அப்போ அதுதான் தப்பு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அந்தப் பேச்சின் பொருள் எனக்கு முழுசாகப் புரிந்தது, பல வருடம் கழித்துப் பசிபிக் மாலுமிகளைப் பற்றிப் படித்தபோதுதான்.

முதலில் 'அடித்துக்கொண்டு போனது' என்ற கட்சியைப் பார்த்துவிடலாம். 1947இல் நார்வேக்காரர் தோர் ஹேயர்தால் பெருவிலிருந்து பால்சா மரத் தெப்பத்தில் ஐந்து துணைவர்களோடு கிளம்பி, 101 நாட்கள் கழித்து துவாமோத்துத் தீவுக் கூட்டத்தில் ரரோயியா என்ற பவளத் தீவில் மோதி நின்றார். காற்றும் நீரோட்டமும் மேற்கே தள்ளுகின்றன, ஆகவே ஹவாய், டஹிட்டி அடங்கிய பாலினீசியத் தீவுகளுக்கு மக்கள் தென் அமெரிக்காவிலிருந்து வந்தார்கள் என்பது அவர் வாதம். துணிச்சலான காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த மக்களின் மொழி, பயிர், வளர்ப்பு விலங்கு எல்லாம் மேற்கே, ஆசியப் பக்கம் கைகாட்டுகின்றன. 1956இல் ஆண்ட்ரூ ஷார்ப் என்ற நியூசிலாந்துக்காரர் வேறு மாதிரி சொன்னார்: மேற்கிலிருந்துதான் வந்தார்கள், ஆனால் சுமார் 300 மைலுக்கு மேல் தெரிந்தே போய்த் திரும்பும் திறமை அவர்களுக்கு இல்லை, புயலில் வழி தவறியவர்கள்தான் ஒதுங்கினார்கள். 1970களின் தொடக்கத்தில் கணினியில் காற்று, நீரோட்டக் கணக்கைப் போட்டு, ஆயிரக்கணக்கான கற்பனைப் படகுகளை மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். சும்மா மிதந்துபோன படகு எதுவும் ஹவாய்க்கோ, நியூசிலாந்துக்கோ, ஈஸ்டர் தீவுக்கோ போய்ச் சேரும் வாய்ப்பு இல்லை என்றே வந்தது. யோசித்தால் இது சாதாரண விஷயம். மீன்பிடிக்கப் போய் வழி தவறியவன் பெண்டாட்டி பிள்ளை, பன்றி, கோழி, நாய், சேம்பு, வாழைக்கன்று எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டா வழி தவறுவான்?

கணினி 'மிதந்து போகவில்லை' என்றுதான் சொல்லும், 'ஓட்டிப் போனார்கள்' என்று சொல்லாது. அதற்குப் படகு வேண்டும். 1973இல் ஹவாயில் பென் ஃபின்னி என்ற மானுடவியலாளர், ஹெர்ப் கானே என்ற ஓவியர், டாமி ஹோம்ஸ் என்ற துடுப்பு வீரர் மூவரும் சேர்ந்து பாலினீசியக் கடற்பயணச் சங்கம் தொடங்கினார்கள். 1975 மார்ச் 8 அன்று படகு கடலில் இறங்கியது. பெயர் ஹோகுலேயா. 'மகிழ்ச்சி நட்சத்திரம்' என்று பொருள். நம் ஊரில் சுவாதி என்கிறோமே, அதே நட்சத்திரம். அந்தப் பெயரை ஏன் வைத்தார்கள் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

படகைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். 19 மீட்டர் நீளத்தில் இரண்டு உடல்கள் பக்கத்தில் பக்கத்தில். குறுக்கே விட்டங்கள், அவற்றின் மேல் பலகைத் தளம், இரண்டு பாய்மரம், நண்டுக் கொடுக்கு போன்ற வடிவில் பாய். பின்னால் அமரத்தில் நீண்ட துடுப்பு ஒன்று, அதுதான் சுக்கான். காற்று பலத்தால் ஒரு ஆள் போதாது. விட்டத்தையும் உடலையும் பிணைப்பது ஆணியல்ல, கயிறு. மைல் கணக்கில் கயிறு. இறுக்கிக் கட்டியிருந்தாலும் அலைக்குத் தகுந்தபடி கொஞ்சம் நெளிந்து கொடுக்கும், அதனால் உடையாது. இந்த இரட்டைப் படகை ஆங்கிலத்தில் 'கட்டமரான்' என்பார்கள். நம் கட்டுமரத்திலிருந்து போன சொல்தான். நம்முடையது மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது, இது வேறு சாதி. ஆனாலும் 'கட்டு' என்ற சொல் இதற்குப் பொருந்தத்தான் செய்கிறது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: படகின் உடல் ஒட்டுப்பலகையும் கண்ணாடி இழையும்தான், பழைய காலத்து மரமல்ல. சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது வடிவத்தையும் வழி அறியும் வித்தையையும்தான் என்பதால் இதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை.

படகு வந்துவிட்டது, ஓட்டிப் போக ஆள் இல்லை. ஹவாயில் அந்த வித்தை செத்துப் பல தலைமுறை ஆகியிருந்தது. ஆயிரக்கணக்கான மைல் மேற்கே, மைக்ரோனேசியாவில், சதவால் என்ற தீவில் இருந்தார் மாவ் பியாய்லுக். ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூடத் தேறாத இடம், ஐந்நூறு பேர் வாழலாம். அவரைக் கைக்குழந்தையிலேயே தாத்தா கடலோரக் குட்டைகளில் கிடத்தி, நீர் இழுப்பதையும் தள்ளுவதையும் உடம்பில் பழக்கினாராம். திசை படித்தது தரையில் விரித்த கோரைப்பாயின்மேல் வட்டமாக அடுக்கிய கற்களை வைத்து. ஒவ்வொரு கல்லும் ஒரு நட்சத்திரம் எழும் இடம் அல்லது விழும் இடம். ஹவாய்க்காரர்கள் அவருக்கு அயலார். இந்த வித்தையை வெளியாருக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் ஊரில் வழக்கமில்லை. ஆனால் சொந்தத் தீவில் இளவட்டங்கள் யாரும் படிக்க வரவில்லை. வித்தை தன்னோடு போய்விடக் கூடாது என்று ஒப்புக்கொண்டார். டஹிட்டிப் பக்கத்துக் கடல் அவருக்கும் புதுசு.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம்.

ஹவாய் வடக்கே 20 டிகிரியில். டஹிட்டி தெற்கே பதினேழரை டிகிரியில். நேர்கோட்டில் 4,000 கிலோமீட்டருக்கு மேல். திசையில் ஒரு டிகிரி பிசகினால் கடைசியில் 70 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவோம். கை கொண்டு திசை பார்க்கிறவனுக்கு ஒரு டிகிரி என்பது ஒன்றுமே இல்லை. போதாக்குறைக்கு டஹிட்டி நேர் தெற்கே இல்லை, சற்றே கிழக்கே இருக்கிறது. காற்றோ கிழக்கிலிருந்து வீசுகிறது. பள்ளியில் வியாபாரக் காற்று என்று படித்திருப்பீர்கள்: நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வடகிழக்கிலிருந்து, தெற்கே தென்கிழக்கிலிருந்து. நடுவே காற்றே இல்லாத அமைதி மண்டலம். நீரோட்டமும் பெரும்பாலும் மேற்கே இழுக்கிறது. ஆக எல்லாமே படகை மேற்கே தள்ளப் பார்க்கும். ஹோகுலேயா மாதிரிப் படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது, காற்றுத் திசையிலிருந்து 67 டிகிரி அளவு விலகித்தான் போகும்.

இங்கேதான் என் கேப்டனின் கேள்வி வருகிறது. மேற்கே தவறிவிட்டால் காற்றை எதிர்த்துத் திரும்ப வேண்டும், தண்ணீர் தீர்ந்துவிடும், கதை முடிந்தது. கிழக்கே தவறினால்? காற்றோடு சாய்ந்து மேற்கே வந்துகொள்ளலாம். ஆகவே அவர்கள் டஹிட்டியைக் குறிவைத்துப் போகவே இல்லை. தொடக்கத்திலிருந்தே எவ்வளவு முடியுமோ அவ்வளவு கிழக்கே ஏறி, டஹிட்டிக்குக் கிழக்கிலும் வடகிழக்கிலும் உள்ள கடலைக் குறிவைத்தார்கள். தப்பு எவ்வளவு என்று தெரியாது, எந்தப் பக்கம் என்று தெரியும். எவ்வளவு தூரம் தெற்கே வந்தோம் என்பதை வானம் சொல்லிவிடும். கிழக்கு மேற்கை வானம் சொல்லாது. அதற்குக் கடிகாரம் வேண்டும், 18ஆம் நூற்றாண்டுவரை ஐரோப்பியக் கப்பலுக்கே அது தகராறுதான்.

வானம் எப்படிச் சொல்கிறது? துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கிறதோ அதுதான் நம் அட்சரேகை. ஹவாயில் 20 டிகிரி உயரம். தெற்கே 60 கடல் மைல் போனால் ஒரு டிகிரி இறங்கும். நிலநடுக்கோட்டை நெருங்கும்போது மூட்டத்தில் மூழ்கிக் காணாமல் போகும். அப்புறம் வேறு வழி பார்க்க வேண்டும். சுவாதி ஹவாய்த் தீவுகளுக்குச் சரியாக உச்சந்தலைக்கு மேலே கடக்கும் நட்சத்திரம். எந்த ஊரில் சுவாதி நேர் உச்சியில் கடக்கிறதோ, அந்த ஊர் ஹவாயின் அட்சரேகையில் இருக்கிறது. வீட்டுக்குத் திரும்புகிறவனுக்கு அதைவிட நல்ல அடையாளம் உண்டா? படகுக்கு அந்தப் பெயர் வந்தது அதனால்தான். எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொன்று: சிரியஸும், புனர்பூசத்தில் உள்ள போலக்ஸும் மேற்கே ஒரே நேரத்தில் மூழ்கினால் நீங்கள் டஹிட்டியின் அட்சரேகையில் இருக்கிறீர்கள். வடக்கே இருந்தால் சிரியஸ் முதலில் மூழ்கும், தெற்கே போய்விட்டால் போலக்ஸ் முதலில் மூழ்கும். எந்தக் கருவியும் வேண்டாம், கண் போதும். சந்தேகப்பட்டு நானே காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நிமிட வித்தியாசம்கூட வரவில்லை.

திசைக்கு உதவுவது உச்சி நட்சத்திரமல்ல, அடிவானத்தை ஒட்டியது. ஒரு நட்சத்திரம் வருடம் முழுக்க அடிவானத்தில் ஒரே இடத்தில்தான் எழும், நேரம் மட்டும் தினம் நான்கு நிமிடம் முன்னால் வரும். அது மேலே ஏறிவிட்டால் திசைக்கு உதவாது. அப்போது அதே இடத்தில் எழும் அடுத்த நட்சத்திரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு இரவுக்கு எட்டு பத்து நட்சத்திரம், வரிசை மனப்பாடம். மேகம் மூடினால்?

மேகம் மூடினால் அலை. இங்கே ஒரு பிரிவு சொல்ல வேண்டும். இன்றைய காற்று எழுப்பும் அலை வேறு. ஆயிரம் மைலுக்கு அப்பால் ஏதோ ஒரு புயலில் பிறந்து, நாட்கணக்கில் ஒரே திசையில் நடந்து வரும் நீண்ட அலை வேறு. பின்னதை நெட்டலை என்று வைத்துக்கொள்வோம். காற்று திசை மாறினாலும் நெட்டலை சட்டென்று மாறாது. சூரியன் அடிவானத்தில் இருக்கும் காலையிலும் மாலையிலும் நெட்டலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்து வைத்துக்கொள்வார்கள். பிறகு பகல் முழுக்க, இருட்டிலும்கூட, படகு எப்படித் தூக்கிப் போடுகிறது என்பதை வைத்தே திசையைப் பிடிப்பார்கள். அணியம், அதாவது படகின் முன்முனை, முதலில் எழுகிறதா, இடது பக்கம் முதலில் எழுகிறதா, இரண்டு அலை குறுக்கே சந்தித்து ஒரு முறுக்கு வருகிறதா. மாவ் படகின் உடலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி, திசை மாறிவிட்டது என்று மேலே இருப்பவர்களுக்குச் சொல்வாராம். கப்பல்காரனான எனக்கு இது அதிசயமாகப் படவில்லை. 200 மீட்டர் கப்பலிலேயே, தூக்கத்தில் ஆட்டம் மாறினால் விழித்துக்கொள்வோம். அவர் அதைப் பத்து மடங்கு பழகியிருக்கிறார், அவ்வளவுதான்.

வேகத்துக்கு அவர்கள் நுரையைப் பார்த்தார்கள். அணியத்தில் கிளம்பும் நுரை அமரத்தைக் கடக்க எத்தனை நேரம்? 19 மீட்டரை ஏழரை நொடியில் கடந்தால் 5 நாட், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம். பழகிய கண்ணுக்கு எண்ணக்கூட வேண்டாம், ஓடும் பஸ்ஸின் வேகத்தை நாம் ஜன்னலில் பார்த்துச் சொல்வதில்லையா. ஆக திசை, வேகம், நேரம் மூன்றும் தெரிகின்றன. மிச்சம் இருப்பது கண்ணுக்குத் தெரியாத நீரோட்டம். அதற்குப் பழைய அனுபவம்தான், புறப்பட்ட தீவைத் திரும்பிப் பார்த்து எவ்வளவு ஒதுக்குகிறது என்று முதல் நாளே ஒரு மதிப்புப் போட்டுக்கொள்வதுதான்.

இந்தக் கணக்கை எங்கே எழுதி வைப்பது? எழுதுவதில்லை. மனதில். சதவால் பக்கத்து முறையில் படகு நகர்வதாகவே நினைப்பதில்லை. படகு நிற்கிறது, தீவுகள் நகர்கின்றன. விந்தையாக இருக்கிறதா? மதுரை ரயிலில் ஜன்னலோரம் உட்காருங்கள். பக்கத்து மரங்கள் பின்னால் ஓடும், தூரத்து மலை மெல்ல ஜன்னலின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகரும். மலை எந்த ஓரத்தில் இருக்கிறது என்று பார்த்தே திண்டுக்கல் தாண்டிவிட்டதா என்று சொல்லிவிடலாம். அவர்களும் வழிக்குப் பக்கவாட்டில் ஒரு தீவை எடுத்துக்கொள்வார்கள். அது கண்ணுக்குத் தெரியாது, அறுபது எழுபது மைல் தள்ளி இருக்கும். பயணம் நகர நகர, அந்தத் தீவு இப்போது இந்த நட்சத்திரத்துக்குக் கீழே, பிறகு அடுத்த நட்சத்திரத்துக்குக் கீழே என்று மனதிலேயே நகர்த்துவார்கள். இதனால் வழிகாட்டி சரியாகத் தூங்க முடியாது. இருபது நிமிடம், அரை மணி என்று கோழித் தூக்கம்தான். நூல் அறுந்தால் மறுபடி பிடிக்க முடியாது. ஒரு மாதம் அப்படி விழித்திருப்பதுதான் எனக்கு நிஜமான அதிசயம். ஆறாம் அறிவு, வயிற்றில் உணர்ந்தார் என்றெல்லாம் எழுதுகிறார்கள், அந்தப் பேச்சில் எனக்கு ஈடுபாடு இல்லை.

இடையில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தென்னை ஈர்க்குப் போன்ற குச்சிகளைக் கட்டி, சோழி பதித்த ஒரு 'வரைபடம்' படங்களில் அடிக்கடி வரும். அது ஹவாய்க்காரர்களுடையது அல்ல, மார்ஷல் தீவுக்காரர்களுடையது. தீவுகளைச் சுற்றி நெட்டலை எப்படி வளைகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கரையில் வைத்திருப்பது. கடலுக்கு எடுத்துப் போவதில்லை.

இப்போது உங்கள் கேள்வியின் முள்ளுக்கு வருவோம்: இத்தனை செய்தும் ஐம்பது மைல் தப்பு இருக்குமே, குட்டித் தீவு கண்ணில் படாமல் போய்விடாதா? டஹிட்டிக்கு வடக்கிலும் கிழக்கிலும் துவாமோத்துத் தீவுகள் பரந்து கிடக்கின்றன. எழுபதுக்கும் மேற்பட்ட பவளத் தீவுகள், சுமார் 1,500 கிலோமீட்டர் நீளத்துக்கு. பெரும்பாலானவை தண்ணீருக்கு மேலே ஆள் உயரம்தான், தென்னந்தலைகள் பத்து மைலில்தான் தெரியும். ஆனால் தீவு தெரிய வேண்டியதில்லை, தீவின் பறவை தெரிந்தால் போதும். ஆலா இனத்தில் நாடி என்று ஒரு பழுப்புப் பறவை. காலையில் மீன் பிடிக்கக் கடலுக்கு வரும், இரவு கரைக்குத் திரும்பிவிடும், கரையிலிருந்து இருபது முப்பது மைலுக்குள்தான் சுற்றும். வெள்ளை ஆலா இன்னும் நெடுந்தூரம் வரும். ஆக ஒவ்வொரு தீவையும் சுற்றி ஐம்பது மைல் அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். எழுபது வட்டம். பக்கத்து வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இடைவெளி பெரும்பாலும் அடைபட்டுவிடும். மேகம் தீவின் மேல் நகராமல் தேங்கி நிற்கும். ஆழமற்ற உப்பங்கழியின் பச்சை மேகத்தின் அடியில் லேசாகப் படியும். நெட்டலை திடீரென்று அடங்கினால் அது வரும் பக்கத்தில் ஏதோ தீவு மறைக்கிறது. ஊசியைத் தேடிப் போகவில்லை, வலையில் விழப் போகிறார்கள். ஏதாவது ஒரு தீவில் மாட்டினால் போதும், எந்தத் தீவு என்று தெரிந்துகொண்டு அங்கிருந்து டஹிட்டிக்கு ஓரிரு நாள் ஓட்டம்.

நடந்ததும் அதுதான். 1976 மே 1 அன்று மாவி தீவிலிருந்து கிளம்பினார்கள். கேப்டன் கவிக்கா கபாஹுலேஹுவா, வழிகாட்டி மாவ். பின்னால் ஒரு துணைப் படகு வந்தது. உண்மையான இடத்தைக் குறித்துக்கொள்வது அதன் வேலை, ஹோகுலேயாவுக்குச் சொல்லக் கூடாது என்பது பேச்சு. படகில் பழைய முறைப்படி நாயும் பன்றியும் கோழியும்கூட இருந்தன. ஒரு மாதம் கழித்துத் துவாமோத்துவின் மேற்கோரத்தில் மத்தாய்வா என்ற தீவைத் தொட்டார்கள். அங்கிருந்து டஹிட்டி சுமார் 300 கிலோமீட்டர். ஜூன் 4 அன்று பப்பியேட்டே துறைமுகத்தில் நுழைந்தபோது சுமார் 17,000 பேர் கரையில் நின்றார்கள். பிள்ளைகள் நீந்தி வந்து ஏறியதில் படகின் பின்பக்கம் தண்ணீரில் அமிழ்ந்துவிட்டது.

பயணம் முழுக்க இனிப்பாக இருந்தது என்று நினைக்காதீர்கள். அமைதி மண்டலத்தில் காற்று செத்து, வெயிலில் வெந்து, படகுக்குள் இரண்டு கட்சி ஆகி, கைகலப்பு வரை போயிற்று. மாவ் வெறுத்துப்போனார். டஹிட்டியில் இறங்கியதும் ஊருக்குப் போய்விட்டார், திரும்பும் பயணத்தைக் கருவி வைத்துத்தான் ஓட்டினார்கள். பெருமைக் கதைகளில் இந்தப் பகுதியை ஏனோ மெல்ல நழுவவிட்டுவிடுகிறார்கள்.

1978இல் இன்னும் மோசம். மார்ச் 16 அன்று கிளம்பிய சில மணி நேரத்தில், நள்ளிரவில், பலத்த காற்றில் படகு கவிழ்ந்தது. கவிழ்ந்த உடலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். எடி அய்காவு என்ற புகழ்பெற்ற அலைச்சறுக்கு வீரர், கடற்கரை உயிர்காப்பாளர், பலகையை எடுத்துக்கொண்டு லானாய் தீவில் உதவி கேட்கக் கிளம்பினார். மற்றவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். அவர் கிடைக்கவே இல்லை. இதற்குப் பிறகுதான் நைனோவா தாம்சன் என்ற ஹவாய் இளைஞர் மாவைத் தேடிப் போய் அழைத்து வந்து, முறையாகப் படித்தார். 1980இல் அவரே டஹிட்டிக்கு வழிகாட்டினார். மாவ் உடன் வந்தார், ஆனால் வாயைத் திறப்பதில்லை என்ற ஏற்பாடு.

அந்தப் பயணத்தின் கடைசிக் கட்டத்தில் நடந்ததை நைனோவா சொல்லியிருக்கிறார். தீவு பக்கத்தில்தான் என்று தெரியும், காணவில்லை. ஒரு காலையில் ஒரு பறவை பறந்தது. காலையில் பறவை கரையிலிருந்து கடலுக்குப் போகும், ஆகவே கரை எதிர்த் திசையில் என்று நைனோவா படகைத் திருப்பினார். பாடப்படி சரி. அதுவரை பேசாதிருந்த மாவ், படகைத் திருப்பிப் பறவையின் பின்னால் போகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் தீவு தெரிந்தது. பறவையின் அலகில் ஒரு மீன் இருந்ததை மாவ் பார்த்திருக்கிறார். குஞ்சு பொரிக்கும் காலம். வயிற்றுக்குள் போகாத மீன் குஞ்சுக்குத்தான் போகிறது, குஞ்சு கரையில் இருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நின்றுவிடுவேன்.

"அப்படியானால் ஆதியில் காற்றை எதிர்த்துக் கிழக்கே எப்படிப் பரவினார்கள்?" என்று அடுத்துக் கேட்பீர்கள். இதற்கும் அதே விடைதான். தெரியாத கடலில் காற்றை எதிர்த்துத் தேடப் போவதுதான் பாதுகாப்பு. தண்ணீர் பாதி தீர்ந்ததும் திரும்பினால் காற்று வீட்டில் கொண்டுவந்து விடும். காற்றோடு தேடப் போனவன்தான் திரும்ப மாட்டான். தவிர, வருடத்தில் சில வாரங்கள் காற்று மேற்கிலிருந்தும் வீசும். 1769இல் கேப்டன் குக்கின் கப்பலில் ஏறிய துபாயா என்ற ரையாத்தேயா தீவுப் பூசாரி-மாலுமி, நவம்பர் முதல் ஜனவரி வரை மேற்குக் காற்று வரும், அப்போது கிழக்கே போவோம் என்று குக்கிடமே சொல்லியிருக்கிறார். குக் அதைக் குறித்தும் வைத்தார். அப்புறம் வந்தவர்கள் படித்துவிட்டு மறந்துவிட்டார்கள்.

கடைசியாக ஒன்று, யாராவது கேட்கும் முன்பே: நியூசிலாந்து அருங்காட்சியகத்தில் தமிழ் எழுத்து பொறித்த ஒரு கப்பல் மணி இருக்கிறது. 1830களில் மாவோரிப் பெண்கள் அதில் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்ததைப் பாதிரியார் வில்லியம் கொலென்சோ பார்த்து வாங்கினார். 'முகையதீன் வக்குசு' என்பவரின் கப்பலுடையது என்று எழுத்திலேயே இருக்கிறது. அருமையான பொருள். ஆனால் அதை வைத்து, பசிபிக் மக்களுக்குக் கடலோடக் கற்றுக்கொடுத்ததே நாம்தான் என்று கிளம்புகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அவர்கள் கற்றது அவர்கள் கடலில்.

இதில் எதையாவது சோதித்துப் பார்க்க ஆசையிருந்தால் மொட்டை மாடி போதும். மே மாத நடுவில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே பாருங்கள், திரிசங்கு நட்சத்திரக் கூட்டம் சிலுவை போல நிமிர்ந்து நிற்கும். மேல் நட்சத்திரத்துக்கும் கீழ் நட்சத்திரத்துக்கும் இடையே 6 டிகிரி. கையை நீட்டி நடு மூன்று விரலைச் சேர்த்து வைத்தால் 5 டிகிரி, அதைவிடச் சற்றுக் கூட. ஹவாயில் இந்த இடைவெளியும், கீழ் நட்சத்திரத்திலிருந்து அடிவானம் வரையுள்ள உயரமும் சமமாக இருக்கும். அப்படி இருந்தால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். நாக்பூரிலும் சமமாக இருக்கும், அட்சரேகை ஒன்றுதான். சென்னையில் அந்த உயரம் இடைவெளியைப் போல இரண்டே கால் மடங்கு. கன்னியாகுமரியில் மூன்று மடங்கு. அங்கே கடல் தெற்கே திறந்து கிடப்பதால் அடிவானம் சுத்தமாகத் தெரியும். மூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள், விரலை நீட்டும்போது கண்ணுக்கும் கைக்கும் உள்ள தூரத்தை மாற்றாதீர்கள்.